பேராதனையில் நான் விழுங்கிய ‘ஆனா’

நீங்கள் சிலர் அடுத்த மாதம் முதல் தடவையாக ஒரு மக்கள் கருத்துக்கேட்பில் உரைபெயர்ப்பாளராக உட்காரப் போகிறீர்கள் என்று அறிந்தேன். அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். குறிப்பு எடுப்பது எப்படி, கலைச்சொற்களை மனத்தில் நிறுத்துவது எப்படி என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு பிழையைப் பற்றி. இதை முழுவதுமாக இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

நம் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். பல நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு நிதியம் நடத்துகின்றன. எந்த மலைக்கு உதவி, எந்த ஊரை எங்கே நகர்த்துவது என்பதை அதன் சபைதான் தீர்மானிக்கிறது. அந்தச் சபை கூடுவது கடல் தாண்டி எங்கோ ஒரு நகரத்தில். தீர்மானத்தால் பாதிக்கப்படும் சாதாரண மக்களின் குரலை முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நல்ல விதிதான். கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒரு பெண் அந்தச் சபையில் யாருக்கும் வாக்களித்ததில்லை. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் அவரால் முடியாது. அவருக்குக் கிடைப்பது ஒரு மைக், மூன்று நிமிடம், பிறகு நாம். அவ்வளவுதான்.

என்னுடன் நீண்ட காலம் வேலை செய்த ஒரு சிங்களத் தோழி இருந்தார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வத்தேகம பஸாரில் அவருடைய தகப்பனுக்குக் கடை இருந்தது. எங்கள் முஸ்லிம் வீடுகளின் தமிழும் தோட்டத்துத் தமிழும் அவருக்கு அந்தக் கடையிலேயே பழகிப்போனவை. தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடமிருந்து வந்தது. ஆரம்ப நாளில் கண்டியில் ஒரு கூட்டம். வெளிநாட்டுக் குழு ஒன்று ஒரு திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு வசனத்துக்கும் “ஓம், ஓம்” என்றார். நான் ஒவ்வொன்றையும் ‘சம்மதம்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். தோழி என் முழங்கையைத் தொட்டார். “அவர் சம்மதிக்கல்ல. கேட்டுட்டு இருக்கேன்னுதான் சொல்றார். கேட்டுப் பாருங்க” என்றார். கேட்டேன். “நான் எங்கை பிள்ளை சம்மதிச்சனான்? நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன், அவ்வளவுதான்” என்று பெரியவர் திடுக்கிட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பிழையைத் திருத்த அன்று நேரம் இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

மண்சரிவு அபாயம் உள்ள தோட்டக் குடும்பங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்த அந்த நிதியம் முன்வந்தது. குடும்பங்களின் கருத்தைக் கேட்கப் பேராதனையில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. நிதியத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இரண்டு ஆண்களும் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் உள்ளூர் அதிகாரி ஒருவர். தமிழுக்கு நான், சிங்களத்துக்குத் தோழி. பேச வந்தவர்கள் எல்லாரும் தோட்டங்களிலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவர்கள். நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் அடையாள அட்டை.

இரண்டாம் நாள் காலை தேத்தண்ணி இடைவேளையில் அந்த அதிகாரி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. பட்டியலில் இடம் குறைவு, நிபந்தனை போடுகிற மலைகளையெல்லாம் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவோம், பிரச்சினை இல்லாத இடங்களை முதலில் முடிப்போம் என்றார். அடுத்த கட்டம் என்றால் எப்போது என்று அவருக்கே தெரியாது. அதற்குள் எத்தனை மழைக்காலம் வந்து போகும் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு என் வேலை அல்ல.

பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் புஷ்பராணியின் முறை வந்தது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தங்களுடைய லயத்தின் பன்னிரண்டு வீடுகளும் சேர்ந்து தன்னைப் பேசச் சொல்லி அனுப்பியிருப்பதாக முதலிலேயே சொன்னார். காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“எங்க லயத்துக்கு மேல மலை வெடிச்சுக் கெடக்குங்க. வெடிப்புக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது. மழை பேஞ்சா புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்கு ஓடிப் போறோம். இடம் மாறிப் போறதுக்கு நாங்க எல்லாரும் தயார். ஆனா பன்னெண்டு வீட்டையும் பிரிக்காதீங்க. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, செல்வின்னு பேரு. அவளுக்கு வலிப்பு வரும். அவ புருசன் கொழும்புல வேலை செய்றாரு, மாசத்துக்கு ஒருக்காதான் வருவாரு. வலிப்பு வந்தா அவள எப்படி ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், எது செய்யக் கூடாதுன்னு பன்னெண்டு வீட்டுக்கும் தெரியும். புது எடத்துல யாருக்குத் தெரியும்? எங்க போட்டாலும் எங்கள ஒண்ணா போடுங்க. அது முடியாதுன்னா, எங்கள திரும்பவும் கேட்டுட்டு செய்யுங்க.”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “சுருக்கமாகச் சொல்லுங்கள் மிஸ். போகச் சம்மதமா, இல்லையா? படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: “எங்கள் குடியிருப்புக்கு மேலே மலை வெடித்திருக்கிறது. மழைக்காலத்தில் அச்சத்துடன் வாழ்கிறோம். இடம் மாறுவதற்கு நாங்கள் எல்லாரும் சம்மதிக்கிறோம்.”

அவ்வளவுதான் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த தோழி என் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் சிங்களத்தில் ஒரு சொல் எழுதினார். ‘ஆனால்?’ என்று. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

பிழை எப்படி நடந்தது என்று பிறகு என்னைக் கேட்டவர்களிடம் நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்த ‘ஆனா’வைச் சொன்னால் இந்த மலை பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்று நான் பயந்தேன். முதலில் உயிர் தப்பட்டும், யார் யார் எங்கே என்பதையெல்லாம் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். பன்னிரண்டு வீடுகள் கூடிப் பேசி எடுத்த முடிவை நான் ஒருத்தி ஒரு மூச்சு விடும் நேரத்தில் மாற்றினேன். அந்த மக்களைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகக் கூட்டிய கூட்டத்தில் அதைச் செய்தேன்.

வெள்ளைக்காரப் பெண் புஷ்பராணியைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். புஷ்பராணி கைகூப்பினார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வெளியே போகும்போது என்னிடம், “நல்லா சொன்னீங்க மிஸ், அந்தம்மாவுக்கு வெளங்கிருச்சு” என்றார்.

மலை பட்டியலில் சேர்ந்தது. செய்தி கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். தோழியிடம், “பாத்தீங்களா?” என்றும் கேட்டேன். அவர் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு வந்த வருடங்களில் வேறு வேறு வேலைகள். எந்த வீடு எங்கே கட்டப்பட்டது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடியிருக்கலாம். நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது அதே நிதியம் தன் வேலையை மீளாய்வு செய்ய மறுபடியும் வருவதாக அறிவித்தது. முறைப்பாட்டுக் கடிதங்களை முன்கூட்டியே ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். ஒரு கட்டுக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. மூன்றாவது கடிதத்தின் அடியில் புஷ்பராணி என்று கையெழுத்து இருந்தது.

கடிதம் ஒரு பக்கம்தான். பன்னிரண்டு குடும்பங்களில் ஏழு குடும்பங்களுக்குக் கலஹா பக்கத்திலும் ஐந்து குடும்பங்களுக்கு வத்தேகமப் பக்கத்திலும் வீடு கொடுத்திருந்தார்கள். செல்விக்கு வத்தேகமப் பக்கம். ஒரு இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். செல்வியோடு அங்கே போன மற்ற நான்கு வீடுகளும் தனித்தனி வரிசைகளில் இருந்தன. குடியேறிப் பத்து மாதத்தில் ஒரு காலை, உடுப்புத் துவைக்கும் தொட்டியடியில் அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் பயந்துபோய் யாரையோ கூப்பிட ஓடியிருக்கிறார். ஆட்கள் வந்தபோது செல்வியின் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: ‘பேராதனையில் வைத்து உங்கள் முகத்துக்கு நேரே இதைச் சொன்னோம். நீங்கள் கேட்டுத் தலையாட்டினீர்கள். கேட்டும் எங்களைப் பிரித்தீர்கள். ஏன் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.’

இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவள் நான். ‘நீங்கள் கேட்டும்’ என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டும் சொல்லாமல் விட்டவள் நான்தான்.

கடிதத்தை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்து முடித்தேன். பிறகு தோழிக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, “அன்றைக்கு நானாவது கையைத் தூக்கியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தது என் பிழை” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மீளாய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள், பேராதனையில் கூட்டத்தை நடத்திய அதே அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். பழைய பதிவில் என் பிழை இருக்கிறது, கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு அமைதியாகவே பேசினார்.

“மிஸ், யோசிச்சுப் பாருங்க. ஒரு பதிவு பிழைன்னா மற்ற எல்லாப் பதிவும் சந்தேகம்னு சொல்வாங்க. இன்னும் முப்பது குடும்பம் வீட்டுக்குக் காத்திருக்கு. எல்லாம் நின்னுபோகும். செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. இருக்கிறவங்களுக்காக விடுங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நியாயம் எனக்குப் பழக்கமானது. மக்களின் நன்மைக்காக அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றை மறைக்கச் சொல்லும் நியாயம். போன தடவை அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

இதைத் தீர்மானிக்க வேண்டியது அவரும் அல்ல, நானும் அல்ல. அதனால் மறுநாள் காலை நேரத்தோடு கண்டியில் கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய் வாசலில் நின்றேன். புஷ்பராணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, “மிஸ், சுகமா இருக்கீங்களா?” என்றார். அவர் வயதுப் பெண்களை நான் வழக்கமாகத் தங்கச்சி என்றுதான் அழைப்பேன். அன்று அந்தச் சொல் வரவில்லை.

“புஷ்பராணி, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். அண்டைக்குப் பேராதனையில நீங்க சொன்னத்த நான் முழுசா சொல்லல்ல. போகச் சம்மதம் எண்டு மட்டும்தான் சொன்னேன். பிரிக்க வாணாம் எண்டத்த சொல்லல்ல. செல்வியப் பத்தியும் சொல்லல்ல.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “மறந்துட்டீங்களா?” என்றார்.

“மறக்கல்ல. சொன்னா உங்கட மலையப் பட்டியல்ல எடுக்க மாட்டாங்களோ எண்டு பயந்து விட்டேன்.”

அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். 

“அப்ப அந்த வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது.”

“அவ செத்ததுலயிருந்து தெனமும் அந்தம்மாவத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் மிஸ். சிரிச்சு சிரிச்சு கேட்டுட்டு எங்க தலையில மண்ணள்ளிப் போட்டாளேன்னு. சாமிகிட்டகூட சொல்லித் திட்டினேன்.” சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. “எங்க லயத்துலயும் என்னத்தான் கேட்டாங்க. நீ சரியா சொன்னியான்னு. சொன்னேன் சொன்னேன்னு எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன்.”

இது நான் நினைத்தே பார்க்காத ஒன்று. ஒரு வசனத்தை நான் விழுங்கியதால் அவருடைய சொந்த மனிதர்களே அவருடைய வாயைச் சந்தேகித்திருந்தார்கள்.

அதிகாரி சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். கூட்டத்தில் நான் உண்மையைச் சொன்னால் முப்பது குடும்பங்களின் வீடுகள் தாமதமாகலாம், ஆகாமலும் போகலாம், எனக்குத் தெரியாது, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டேன். அவர் அங்கே வந்திருந்த மற்றத் தோட்டத்துப் பெண்களைக் கூப்பிட்டார். வாசலிலேயே ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று பேசினார்கள். நான் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் புஷ்பராணி வந்தார்.

“சொல்லுங்க. தாமதமானா ஆகட்டும்னு சொல்றாங்க. இன்னும் போகாதவங்களும் அதத்தான் சொல்றாங்க, அவங்களுக்கும் பிரிஞ்சு போக இஷ்டமில்ல. ஆனா நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன். நான் ஒரு தடவ சொல்லிட்டேன்.” பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு இன்னிக்கு நீங்க பேச வேணாம் மிஸ். அந்தச் சிங்கள மிஸ்ஸப் பேசச் சொல்லுங்க.”

நம் தொழிலின் விதி உங்களுக்குத் தெரியும். பேசுபவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். பல வருடங்களாக நூற்றுக்கணக்கானவர்களின் ‘நான்’ என் வாயில் இருந்திருக்கிறது. அன்று அந்த மண்டபத்தில் பேசுபவருக்கான மைக்குக்கு முன்னால் நின்று முதல் தடவையாக எனக்காக ‘நான்’ என்று சொன்னேன். நடந்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். அதிகாரி குனிந்து காகிதங்களைப் பார்த்தார். பேராதனைக்கு வந்திருந்த அதே வெள்ளைக்காரப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

புஷ்பராணி பேசினார். தோழி ஆங்கிலத்தில் சொன்னார். “என் தங்கை இறந்துவிட்டாள்” என்று தோழியின் குரலில் வந்தபோது அது எனக்குரிய வசனம் என்று தோன்றியது. அதைச் சொல்லும் தகுதியைத்தான் நான் இழந்திருந்தேன்.

வெள்ளைக்காரப் பெண் முன்னால் சாய்ந்து கேட்டார்: “நாங்கள் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?”

புஷ்பராணி யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு இனி என்ன செய்வீங்க? அடுத்த மலையில இருக்கறவங்கள கேக்கப் போவீங்கல்ல. அவங்க சொன்னத எழுதினதுக்கு அப்புறம், எழுதினத தமிழ்ல திருப்பி வாசிச்சுக் காட்டுங்க. நான் சொன்னது இதுதான்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம் கொண்டு போங்க.”

இன்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் பதிவை வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குகிறீர்களே, அது எந்த நிபுணரும் கண்டுபிடித்ததல்ல. ஐந்து நிமிடம் வீணாகிறது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். கடல் தாண்டிக் கூடும் ஒரு சபையின் விதியை மாற்றியவர் கலஹாவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அதற்கு அவர் கொடுத்தது என்னவென்று உங்களுக்கு இப்போது தெரியும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். துணிந்து பொய் சொல்லும் உரைபெயர்ப்பாளரை நான் கண்டதில்லை. இரக்கப்பட்டுக் குறைப்பவர்களைத்தான் கண்டிருக்கிறேன். இவர் கோபமாகப் பேசுகிறாரே, கேட்பவர்கள் மனம் மாறிவிடுவார்களே, கொஞ்சம் தணித்துச் சொல்வோம் என்று உங்களுக்கும் தோன்றும். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு, கையைத் தூக்கி, நேரம் கேளுங்கள். கூட்டம் நிற்கட்டும். பக்கத்தில் இருப்பவர் உங்கள் குறிப்பின் ஓரத்தில் ஏதாவது எழுதினால் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

மீளாய்வின் முடிவு ஆறு மாதம் கழித்து வந்தது. நான் அப்போது ஓய்வுபெற்றிருந்தேன். புஷ்பராணிக்கு அனுப்பிய பிரதி ஆங்கிலத்தில் இருந்ததால் அதை வாசிக்க ஆள் வேண்டுமென்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். புஷ்பராணி யாரை அனுப்பச் சொல்லிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. என்னைத்தான் கேட்டார் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை. பேராதனையில் பஸ் மாறிக் கலஹாவுக்குப் போனேன். புது வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, எதிரே நிலத்தில் உட்கார்ந்தார். நான் கதிரையை விட்டு இறங்கி அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

நான்கு பக்கங்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இனி எல்லாப் பதிவுகளும் பேசியவரின் மொழியில் வாசித்துக் காட்டப்படும். மீதி முப்பது குடும்பங்களின் வீடுகள் எட்டு மாதம் தாமதமாகும். யார் யாரோடு அயலில் இருப்பது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “எங்களுக்கு?”

ஏற்கெனவே குடியேறியவர்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் அப்படியே சொன்னேன். ஏற்கெனவே வீடு வழங்கப்பட்ட குடும்பங்களை மீண்டும் இடம் மாற்றுவதற்குத் திட்டத்தில் வழியில்லை என்பதை நிதியம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது.

“செல்வி பேரு இருக்கா?”

“இல்ல. ‘ஒரு மரணம்’ எண்டு போட்டீக்காங்க.”

அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், கொழுந்து நிறுக்கும் நேரமாகிவிட்டது என்று. அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

“சரி மிஸ்” என்றார். “இதையாவது முழுசா சொன்னீங்க.”